யெஸ் கேட்கத் தொடங்குவது எப்படி: ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய பேண்டுக்கு வழிகாட்டி

1968-இல் லண்டனில் தொடங்கிய யெஸ் இன்னும் மேடை ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் தொடங்கிய ஐந்து பேரில் ஒருவர்கூட இப்போது அதில் இல்லை. 2023 வரை 23 ஸ்டுடியோ ஆல்பங்கள், வந்தவர் போனவர் எல்லாம் சேர்த்து இருபது பேர் அளவில் உறுப்பினர்கள், ஒரே ஆள் நாலைந்து முறை விலகிச் சேர்ந்த கதைகள். போதாக்குறைக்கு இரண்டு ஜான்கள், இரண்டு ட்ரெவர்கள். புதிதாகப் புரொக்ரசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக்) பக்கம் வரும் ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பின்வாங்கினால் ஆச்சரியமில்லை.

பின்வாங்க வேண்டாம். சரியான வரிசையில் கேட்டால் இந்தக் குழப்பமே சுவாரசியமாகிவிடும். பலர் செய்வதுபோல முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். நாலாவது ஆல்பத்தை எட்டுமுன்பே களைத்துப்போவீர்கள். இன்றைய குழுவிலிருந்தும் தொடங்க வேண்டாம். இன்றைய குழு என்ன செய்கிறது என்று புரிய, அவர்கள் யாருடைய இடத்தில் நிற்கிறார்கள் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளம்புமுன் இரண்டு சில்லறை விஷயங்கள். ஒன்று, தேடும்போது யெஸ் என்று மட்டும் போட்டால் உலகத்தில் இருக்கும் எல்லாமே வரும். ஆல்பத்தின் பெயரைச் சேர்த்தே தேடுங்கள். இன்னொன்று, ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்தக் குழுவின் பாதி உயிர் பேஸ் கிட்டாரில், அதாவது அடி ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டாரில் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும்.

முதல் படி: ஆட்களை விடுங்கள், இடங்களைப் பிடியுங்கள்

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யெஸ்ஸில் எப்போதும் ஐந்து இடங்கள்: குரல், பேஸ், கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் உண்டு. அந்த இடத்துக்கு யார் வந்தாலும் அந்தக் குணத்தோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

குரலின் இடத்தை உருவாக்கியவர் ஜான் ஆண்டர்சன். ஆணின் குரல்தான், ஆனால் வெகு உயரத்தில் இருக்கும். கள்ளக்குரல் எடுத்துப் பாடவில்லை, அவருடைய இயல்பான குரலே அங்கேதான் இருக்கிறது. பாடல் வரிகளுக்கு அர்த்தம் தேடி அலையாதீர்கள். பல இடங்களில் அவர் சொற்களை ஓசைக்காகவே எடுத்துப் போட்டிருக்கிறார். கிட்டார் இடத்தில் முதலில் இருந்தவர் பீட்டர் பேங்ஸ். 1970-இல் ஸ்டீவ் ஹவ் வந்தபிறகுதான் அந்த இடத்துக்கு நிரந்தர அடையாளம் கிடைத்தது. அந்தக் காலத்து ராக் கிட்டாரிஸ்டுகள் பெரும்பாலும் ப்ளூஸில் ஊறியவர்கள். ஹவ் வேறு மாதிரி. ஜாஸ், கன்ட்ரி, ஸ்பானிய கிட்டார் எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொண்டுவருவார். கீபோர்டு இடத்தில் ரிக் வேக்மன் பெயர்தான் பெரிது. டிரம்ஸில் முதலில் பில் ப்ரூஃபோர்டு, 1972 முதல் ஆலன் ஒயிட்.

பேஸ் இடத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிறிஸ் ஸ்குவயர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். ஆண்டர்சன் பாடும்போது கூடவே ஒட்டி வரும் இரண்டாவது குரல் பெரும்பாலும் இவருடையதுதான். ஆக இந்த இடம் ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. அவர் கையில் இருந்தது ரிக்கன்பேக்கர் பேஸ். விரலால் அல்ல, பிளெக்ட்ரம் என்ற சின்ன மீட்டுத் தகட்டால் அடித்து வாசிப்பார். அடி ஒலியைப் பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கும் மேல் ஒலியைக் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் தனித்தனியாக அனுப்புவார். அதனால்தான் அந்தப் பேஸ் தரையில் உறுமிக்கொண்டே உச்சத்தில் உலோகம்போலக் கணீரென்று கேட்கும். பின்னால் வரப்போகிற எல்லா வாக்குவாதங்களுக்கும் இந்த இடம்தான் மையம்.

இரண்டாம் படி: ரவுண்டபவுட், மூன்று முறை

முதல் பாட்டு இதுதான். 1971-இல் வந்த ஃப்ரஜைல் ஆல்பத்தின் முதல் ட்ராக், எட்டரை நிமிடம். உங்களில் பலர் இதன் தொடக்கத்தை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஜோஜோ என்ற ஜப்பானிய அனிமே தொடர் 2012-இல் இதை ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வைத்தது. அதிலிருந்து ‘தொடரும்’ என்று படம் உறைந்து நிற்கும் நகைச்சுவைத் துணுக்குகள் இணையம் முழுக்கப் பரவின. அந்தக் கிட்டார்தான்.

வானொலிக்காக மூன்றரை நிமிடமாக வெட்டிய பதிப்பு ஒன்றும் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள், வெட்டுப்பட்டதெல்லாம் நல்ல பகுதிகள்.

முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். தொடக்கத்தில் ஓர் ஒலி எங்கிருந்தோ வீங்கிக்கொண்டு வந்து சட்டென்று நிற்கும். பியானோவை வாசித்துப் பதிவுசெய்து, நாடாவைத் தலைகீழாக ஓட்டிய ஒலி அது. அது நின்ற இடத்தில் ஹவ்வின் கிட்டார் மெதுவாக இரண்டு மூன்று ஸ்வரத்தைத் தொட்டு விளையாடும். அப்புறம் ஸ்குவயர் உள்ளே நுழைவார். அந்த நொடியில் பாட்டின் தலைமை யாரிடம் போகிறது என்று கவனியுங்கள். கிட்டாரிடம் இல்லை, குரலிடமும் இல்லை. பேஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்கள் அதன்மேல் ஏறிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது முறை கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும். இந்தக் குரல் அடுக்கும் அந்தப் பேஸும் சேர்ந்ததுதான் யெஸ் என்பது என் கணக்கு. வேறு கணக்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களையும் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் படி: ஃப்ரஜைல் முழுக்க

இந்த ஆல்பத்தின் அமைப்பே புதியவர்களுக்காகச் செய்ததுபோல இருக்கும். ஒன்பது ட்ராக்கில் நான்குதான் குழுவாகச் செய்தவை. மீதி ஐந்தும் ஆளுக்கு ஒன்று. வேக்மன் ப்ராம்ஸின் நான்காம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை விதவிதமான கீபோர்டுகளில் வாசிக்கிறார். ஆண்டர்சன் தன் குரலையே பல அடுக்காகப் பதிந்திருக்கிறார். ஹவ் தனியாக ஸ்பானிய கிட்டார். ப்ரூஃபோர்டு அரை நிமிடச் சொச்சத்தில் ஒரு தாளப் புதிரைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்.

ஸ்குவயரின் துண்டுக்குப் பெயர் தி ஃபிஷ். மீன் என்பது அவருடைய பட்டப்பெயர். குளியலறைக்குள் போனால் மணிக்கணக்கில் வெளியே வராத பழக்கத்தால் வந்தது. அதில் கேட்கும் ஒலி அடுக்குகள் பெரும்பாலும் பேஸ் கிட்டார்தான், நம்புவது கஷ்டம். ஏழு ஏழாக எண்ணிப் பாருங்கள், பிடிபடும். அதன்மேல் ஒரு மீனின் அறிவியல் பெயரை மந்திரம்போலத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். எட்டு அசையில் ஒரு மீன் பெயர் வேண்டும் என்று ஆண்டர்சன் கேட்டு, அவர்களுடைய மேடைப் பொறுப்பாளர் தேடிக் கொடுத்த பெயர் அது.

நான்காம் படி: ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு

1972-இல் வந்த க்ளோஸ் டு தி எட்ஜ். மொத்தம் மூன்றே பாட்டு. முதல் பாட்டே ஏறக்குறைய 19 நிமிடம். இங்கேதான் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். கச்சேரியில் ராகம் தானம் பல்லவிக்கு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை: முதலில் அவசரப்படாமல் வெளியைத் திறப்பது, அப்புறம் ஒரு வரியை எடுத்து வேகம் மாற்றி, இடம் மாற்றிப் பலவிதமாகப் பார்ப்பது. இதிலும் அதே பொறுமைதான் வேண்டும்.

பறவைச் சத்தமும் நீர் ஓடும் ஒலியுமாகத் தொடங்கும். திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு திசையில் வாசிப்பதுபோல ஒரு களேபரம் வெடிக்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். களேபரம் அடங்கி, மெட்டு வரும். நடுவில் எல்லாம் ஓய்ந்து, குரல்கள் மட்டும் மிதக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதன் முடிவில் ஒரு தேவாலய ஆர்கன் எழும். லண்டன் கிரிப்பிள்கேட் பகுதியிலுள்ள செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் வேக்மன் வாசித்துப் பதிந்தது. நல்ல ஹெட்போனில் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் சித்தார்த்தா நாவல்தான் ஆண்டர்சனுக்கு இந்தப் பாட்டுக்கான தூண்டுதல். அந்த நதிக்கரையை நினைத்துக்கொண்டு கேட்டால் தொடக்கத்து நீரோசைக்கும் காரணம் புரியும்.

இதை அவர்கள் முழுதாக வாசித்துப் பதியவில்லை. துண்டு துண்டாகப் பதிந்து நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். சேர்த்து முடித்தபிறகு, மேடைக்காகத் தங்கள் பாட்டைத் தாங்களே படித்து வாசிக்க வேண்டியிருந்தது. பதிவு முடிந்த கையோடு ப்ரூஃபோர்டு விலகிக் கிங் கிரிம்சன் என்ற இன்னொரு குழுவில் சேர்ந்துவிட்டார். அமெரிக்கச் சுற்றுப்பயணம் வாசலில் நிற்கிறது. ஜான் லெனனின் இமேஜின் ஆல்பத்தில் வாசித்த ஆலன் ஒயிட் வந்து, மூன்றே நாளில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு மேடை ஏறினார். கிட்டத்தட்ட 50 வருடம் இறங்கவில்லை.

இந்தப் பாட்டை எந்தப் பதிப்பில் கேட்பது என்று ஒரு கேள்வி வரும். ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் பழைய பதிவுகளைப் புதிதாகக் கலந்து செய்த ரீமிக்ஸ்கள் இந்த ஆல்பத்துக்கும் ஃப்ரஜைலுக்கும் வேறு சிலவற்றுக்கும் உண்டு. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக விலகித் தெளிவாகக் கேட்கும். படிப்பதற்கு அது நல்லது. ரசிப்பதற்கு நான் பழைய மிக்ஸையே சொல்வேன். கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் ஐந்து பேரும் ஒரே அறையில் முட்டிக்கொள்வது அதில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒரே பாட்டு, இரண்டு டிரம்மர்கள்

ஆள் மாறினால் என்ன மாறுகிறது என்று காதுக்குப் பழக்க எளிய பயிற்சி ஒன்று. 1973-இல் யெஸ்சாங்ஸ் என்ற மேடைப்பதிவு மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. அதில் பெரும்பாலான பாடல்களில் டிரம்ஸ் ஆலன் ஒயிட். ஒன்றிரண்டில் மட்டும் ப்ரூஃபோர்டு. ஃப்ரஜைலில் இருக்கும் ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ் பாட்டை முதலில் ஸ்டுடியோ பதிவில் கேட்டுவிட்டு, உடனே யெஸ்சாங்ஸில் கேளுங்கள். ப்ரூஃபோர்டின் ஸ்னேர் டிரம் பட்டென்று உலர்ந்து ஒலிக்கும், எதிர்பாராத இடத்தில் விழும். ஒயிட் அதே பாட்டைக் கனமாக, தள்ளிக்கொண்டு போவார். பாட்டு அதேதான், உடம்புதான் வேறு. இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

ஆறாம் படி: டிராமா, அப்புறம் அதற்கு நேர்மாறானது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1980-இல் ஆண்டர்சனும் வேக்மனும் விலகிவிட்டார்கள். குரலும் கீபோர்டும் காலி. யெஸ்ஸின் மேலாளரிடமே பகிள்ஸ் என்ற இரண்டு பேர் குழுவும் இருந்தது: ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ். முந்தைய ஆண்டுதான் வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார் பாட்டால் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தார்கள். பத்தொன்பது நிமிடப் பாட்டுக் கோஷ்டியில் மூன்று நிமிடப் பாப் பாட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்தால் எப்படி இருக்கும்? எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படிச் சேர்ந்து அவர்கள் செய்த டிராமா ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். மெஷின் மெசையா என்ற முதல் பாட்டே யெஸ்ஸின் பழைய எதையும்விடக் கனமாக இறங்கும். கடைசிப் பாட்டு டெம்பஸ் ஃப்யூஜிட்டில் ஸ்குவயரின் பேஸ் வெறிபிடித்து ஓடும். குரல் ஆண்டர்சனுடையது இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் பத்து நொடியில் இது யெஸ் என்று காது சொல்லிவிடுகிறது. ஏன்? ஹார்ன் பாடும்போது கூடவே வரும் அந்த இரண்டாவது குரல் மாறவில்லை. கீழே ஓடும் பேஸும் மாறவில்லை.

ஸ்டுடியோவில் ஜெயித்தது மேடையில் திணறியது. ஒவ்வொரு இரவும் பழைய பாடல்களை ஆண்டர்சனின் சுருதியில் பாடுவது ஹார்னின் குரலுக்குத் தாங்கவில்லை. பிரிட்டனில் சில அரங்குகளில் கூச்சல் போட்டார்கள். அடுத்த ஆண்டு குழுவே கலைந்தது. ஹவ்வும் டவுன்ஸும் ஏஷியா என்ற புதிய குழுவைத் தொடங்கி அமெரிக்காவில் பெரிய வெற்றி கண்டார்கள். பாடுவது தன் வேலை அல்ல என்று புரிந்துகொண்ட ஹார்ன் தயாரிப்பாளரானார். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் ஆனார்.

இப்போது இதற்கு நேர்மாறான சோதனை. 1989-இல் ஆண்டர்சன், ப்ரூஃபோர்டு, வேக்மன், ஹவ் நால்வரும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள். பொற்காலத்து ஐவரில் நால்வர். ஆனால் யெஸ் என்ற பெயர் அப்போது ஸ்குவயர் பக்கம் இருந்தது. அதனால் வழக்கறிஞர் அலுவலகப் பலகைபோல நால்வரின் குடும்பப் பெயரையே வரிசையாக எழுதி வெளியிட்டார்கள். பேஸ் வாசித்தவர் டோனி லெவின், உலகின் சிறந்த பேஸ் கலைஞர்களில் ஒருவர். குறை சொல்ல முடியாத வாசிப்பு. இருந்தும் கேட்கும்போது ஏதோ ஒன்று காணவில்லை.

டிராமாவில் ஆண்டர்சன் இல்லை, இதில் ஸ்குவயர் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, எது யெஸ் என்று நீங்களே சொல்லுங்கள். ஆண்டர்சன் பக்கம் நிற்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது: மெட்டுகளில் பெரும்பகுதி அவர் தலையிலிருந்து வந்தவை. என் காது டிராமா பக்கம்.

இடையில் ஒரு பெரிய கதவு

1983-இல் வந்த 90125 ஆல்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதற்கு வழிகாட்டியே தேவையில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ட்ரெவர் ராபின் கிட்டார். ஆண்டர்சன் திரும்பி வந்துவிட்டார். தயாரிப்பு அதே ட்ரெவர் ஹார்ன். ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட் 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் போனது. நேராகக் கேட்டாலே பிடிக்கும். ஆல்பத்தின் பெயர் அதன் பட்டியல் எண். பெயர் யோசிக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை போலும்.

1991-இல் பிரிந்து கிடந்த இரண்டு அணிகளையும் சேர்த்து எட்டுப் பேராக யூனியன் என்று ஓர் ஆல்பம் வந்தது. வேக்மன் அதை இன்றும் ‘ஆனியன்’ என்றுதான் சொல்வார், நினைத்தாலே கண்ணீர் வருகிறதாம். தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள்.

அதேபோல 1973-இன் டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இரட்டை ஆல்பம், பக்கத்துக்கு ஒன்றாக நாலே பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் ஒரு யோகியின் சுயசரிதத்தில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு ஆண்டர்சன் கட்டிய கோட்டை அது. ரஜினிகாந்த் மேடைக்கு மேடை சொல்லும் அதே புத்தகம்தான். வேக்மனுக்கு இந்த ஆல்பம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில் தனக்கு வேலை இல்லாத நீண்ட இடைவெளியில், கீபோர்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இந்தியக் கறிச் சாப்பாடு சாப்பிட்டதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். சுற்றுப்பயணம் முடிந்ததும் விலகிவிட்டார். யெஸ் நன்றாகப் பழகியபிறகு ஒரு மழைநாளில் இதைக் கேளுங்கள். அவ்வளவு மோசம் இல்லை.

ஏழாம் படி: 2008 முதல் 2015 வரை, வேகமாக

2008-இல் நாற்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம் திட்டமிட்டிருந்த நேரத்தில் ஆண்டர்சனுக்குக் கடுமையான மூச்சுக் கோளாறு. குழு காத்திருக்கவில்லை. யெஸ் பாடல்களையே வாசிக்கும் ஒரு கனடியக் குழுவின் பாடகர் பெனுவா டேவிடின் வீடியோவை யூட்யூபில் பார்த்துவிட்டு ஸ்குவயர் அவரை அழைத்துக்கொண்டார். ஆண்டர்சனுக்கு இது ஆறாத வருத்தம், அதில் தப்பும் இல்லை.

இந்தக் காலத்திலிருந்து ஓர் ஆல்பம் போதும்: 2011-இன் ஃப்ளை ஃப்ரம் ஹியர். 1980-இல் ஹார்னும் டவுன்ஸும் கையோடு கொண்டுவந்து, மேடையில் மட்டும் பாடி, டிராமாவில் சேர்க்காமல் விட்ட ஒரு பாட்டு இருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதையே எடுத்து 24 நிமிடத் தொகுப்பாக விரித்தார்கள். டவுன்ஸ் கீபோர்டுக்குத் திரும்பினார், தயாரிப்பு ஹார்ன். 2018-இல் ஹார்னே முழுக்கப் பாடிய மாற்றுப் பதிப்பும் வந்தது. டிராமா பிடித்தவர்கள் நேரே அதற்குப் போகலாம்.

டேவிடுக்கும் மூச்சுக் கோளாறு வர, 2012-இல் க்ளாஸ் ஹாமர் குழுவின் ஜான் டேவிசன் வந்தார். ஸ்குவயரிடம் அவரைச் சிபாரிசு செய்தவர் ஃபூ ஃபைட்டர்ஸ் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ், டேவிசனின் சிறுவயது நண்பர். 2014-இன் ஹெவன் அண்ட் எர்த்தைத் தைரியமாகத் தாண்டிப் போங்கள். யாரும் அவசரமே படாத ஆல்பம்.

2015 ஜூன் 27 அன்று ஸ்குவயர் ரத்தப் புற்றுநோயால் காலமானார். அதுவரை வந்த எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இருந்த ஒரே ஆள். நான் சொல்லிவந்த கணக்குப்படி பார்த்தால் யெஸ் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: இன்றைய ஐவர்

முடியவில்லை. தன் இடத்துக்குப் பில்லி ஷெர்வுட்தான் வர வேண்டும் என்று ஸ்குவயரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஷெர்வுட் வெளியாள் இல்லை. தொண்ணூறுகளில் யெஸ்ஸில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர்; ஸ்குவயரோடு சேர்ந்து கான்ஸ்பிரஸி என்ற பெயரில் தனி ஆல்பமே போட்டவர். முக்கியமாக, அந்த இடத்தின் இரண்டு வேலையும் தெரிந்தவர்: வாசிக்கவும் செய்வார், இரண்டாவது குரலும் பாடுவார். பழைய பாடல்களில் ஸ்குவயரின் வரிகளை ஸ்வரம் பிசகாமல் எடுத்துக்கொண்டு வருகிறார்.

டிரம்ஸில் ஜே ஷெல்லன். ஆலன் ஒயிட்டுக்கு முதுகு அறுவை சிகிச்சை நடந்த 2016-இல் உதவிக்கு வந்தவர்; 2022 மே மாதம் ஒயிட் காலமானபின், 2023-இல் முழு உறுப்பினரானார். குரல் டேவிசன், கீபோர்டு டவுன்ஸ், கிட்டார் எண்பதை நெருங்கும் ஸ்டீவ் ஹவ். ஹவ்தான் இப்போது தயாரிப்பாளரும்.

முதலில் 2021-இன் தி குவெஸ்ட். இதில் இரண்டாவது வட்டில் இருக்கும் மூன்று பாட்டும் ஒட்டுத் துணி மாதிரி. முதல் வட்டில் உள்ள எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தி ஐஸ் பிரிட்ஜ் பாட்டில் டவுன்ஸின் கீபோர்டு பழைய மிடுக்கோடு எக்காளம்போல எழும். டேர் டு நோ பாட்டில் ஹவ் ஒரு சின்ன மெட்டை விதவிதமாகத் திருப்பிப் பார்க்க, நடுவில் வடக்கு மாசிடோனிய இசைக்குழு ஒன்று அதே மெட்டைத் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். ஆலன் ஒயிட்டின் கடைசி யெஸ் ஆல்பம் இது.

அப்புறம் 2023-இன் மிரர் டு தி ஸ்கை. இது ஒரு படி மேல். கட் ஃப்ரம் தி ஸ்டார்ஸ் பாட்டைப் போட்டு, இரண்டாம் படியில் செய்ததுபோல பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஷெர்வுட் இங்கே ஸ்குவயரைப் படி எடுக்கவில்லை. அதே உலோகக் கணீர் இருக்கிறது, ஆனால் இன்னும் துள்ளலாக, விரல் இன்னும் லேசாக. குரல் அடுக்கில் டேவிசனுக்கு அடியில் அவர் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். பதினாலு நிமிடத்தை நெருங்கும் தலைப்புப் பாட்டில் இந்த ஐவரும் முதன்முறையாகத் தங்களுக்கே சொந்தமான ஒரு பெரிய பாட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். ஹவ் தயாரிப்பாளராக இருப்பதால் கிட்டார் எப்போதும் முன்னால், டிரம்ஸ் மரியாதையாகப் பின்னால். பழைய யெஸ்ஸில் இருந்த முட்டலும் மோதலும் இதில் குறைவு. எல்லோரும் ஒருவருக்கொருவர் வழி விட்டு வாசிக்கிறார்கள். சண்டைக்காரர்கள் சேர்ந்து செய்த இசைக்கும் நல்லவர்கள் சேர்ந்து செய்யும் இசைக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் பழக்கமில்லாமல் நேரே இங்கே வந்தவருக்கு இவை இரண்டும் வெறும் இனிமையான ஆல்பங்கள். ஏழு படி ஏறி வந்தவருக்கு ஒவ்வொரு இடத்திலும் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கேட்கும்.

டிக்கெட் வாங்குமுன்

யெஸ் பெயரில் வருவதெல்லாம் யெஸ் இல்லை. 2017-இல் ஆண்டர்சன், ராபின், வேக்மன் மூவரும் தங்கள் பெயர்களோடு யெஸ் பெயரையும் சேர்த்துச் சில காலம் சுற்றினார்கள். அந்தப் பதிவுகள் ஸ்ட்ரீமிங்கில் கலந்து கிடக்கும். ஆண்டர்சன் இப்போது பேண்ட் கீக்ஸ் என்ற அமெரிக்கக் குழுவோடு பழைய யெஸ் பாடல்களைப் பாடுகிறார். 2024-இல் அவர்களோடு ட்ரூ என்ற புதிய ஆல்பமும் வந்தது. எண்பது வயதில் அந்தக் குரல் நிற்பது ஆச்சரியம்தான். வாசிப்பு வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் வேண்டும் என்றால் அங்கே போங்கள். ஆக, அறிவிப்பில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஹவ், டவுன்ஸ் பெயர் இருந்தால் அதுதான் இன்றைய யெஸ்.

அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பழைய பாடல்கள் இசைத்தட்டில் இருப்பதைவிட ஒரு மாத்திரை நிதானமாகத்தான் வரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஷெர்வுட் நிற்கும் பக்கமாக இடம் கிடைத்தால் எடுங்கள். ரவுண்டபவுட்டைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைப்பார்கள். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுந்துவிடாதீர்கள்.